பதினைந்து நிமிடம் பழைய ஆட்டம்

செஸ் போட்டியில் ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வெளியே காத்திருக்கிற பெற்றோர்களைத்தான் ஆம்புலன்ஸ் வைத்துக் கவனிக்க வேண்டும். கிழக்குத் தாம்பரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் சைக்கிள் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஒருவர் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலுக்கு வந்திருந்தார். ஓர் அம்மா தயிர்சாத டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். யாரும் யாரோடும் முழுதாக ஒரு வாக்கியம் பேசவில்லை. எல்லாத் தலைகளும் ஃபோனுக்குள் கவிழ்ந்திருந்தன.

பட்டாபிராமன் கடைசித் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பீர்க்கன்கரணையில் வீடு, கிண்டியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அவருடைய ஒரே மகள் மாளவிகா உள்ளே முதல் மேஜையில் கடைசிச் சுற்றை ஆடிக்கொண்டிருந்தாள். இந்தப் போட்டியில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் பெண்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். மாளவிகா இந்த ஆட்டத்தை ஜெயித்தால் போகலாம். டிரா செய்தால்கூடப் போக முடியாது.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லவும் வழியில்லை. அவர் மனைவி ரமா ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டாள். ரமா கணக்கு டீச்சர், அவளுடைய தீர்ப்பில் மீதி எதுவும் வராது. "ஜூன்ல பத்தாவது. மாநிலத்துக்குத் தேறினா ஆடட்டும், நான் வாயே திறக்கலை. தேறலைன்னா செஸ் போர்டைப் பரண்ல போட்டுடணும். ரெண்டு பேருக்கும் சம்மதமா?" என்று கேட்டாள். மாளவிகா உடனே சம்மதம் என்றாள். பட்டாபிராமன் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

ஆறு வயதிலிருந்து அந்தப் பெண் சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் காய் நகர்த்துகிறவள். செஸ் இல்லாத மாளவிகா எப்படி இருப்பாள் என்று அவரால் யோசித்துப் பார்க்கவே முடியவில்லை.

இத்தனைக்கும் அவருக்கு ஆட்டம் தெரியாது. குதிரை எப்படித் தாண்டும், யானை எப்படிப் போகும் என்பதோடு அவருடைய ஞானம் முடிந்தது. ஆனால் மேல் மேஜைகளின் ஆட்டங்கள் ஃபோனில் நேரலையாக வரும். பலகைக்குப் பக்கத்தில் ஒரு கோடு இருக்கும். கணினி ஒவ்வொரு நகர்த்தலையும் எடைபோட்டு, வெள்ளைக்காய் ஆடுகிறவர் ஜெயிக்கும் நிலையில் இருந்தால் கோட்டில் வெள்ளையை ஏற்றும், கருப்புக்காய் ஜெயிக்கும் போலிருந்தால் இறக்கும். மாளவிகாவுக்கு இன்று வெள்ளை. ஆக, பட்டாபிராமனுக்கு வெள்ளை ஏறினால் போதும். பலகையில் நடக்கிற மற்ற விவகாரங்களில் அவர் தலையிடுவதில்லை.

அந்தக் கோடுதான் நேற்று அவருக்கு வினையாக வந்தது. நேற்றைய ஆட்டத்தின் நடுவே மாளவிகா தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். கோடு அப்போது நன்றாக ஏறியிருந்தது. மனுஷன் சந்தோஷம் தாங்காமல் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டார். எதிராளிப் பெண்ணின் அப்பா ஷ்யாம்சுந்தர் அதைப் பார்த்தார், நேராக நடுவர் ஜெயசீலியிடம் போனார். கணினியின் கணிப்பைக் கையில் வைத்திருக்கிற அப்பா ஆடிக்கொண்டிருக்கிற மகளுக்குச் சைகை காட்டினால் அதற்கு என்ன பெயர் மேடம் என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் பட்டாபிராமனுக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்.

நடுவர் இரண்டு காரியம் செய்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும் என்று மாளவிகாவை எச்சரித்தார். கூடவே, இன்றிலிருந்து நேரலை பதினைந்து நிமிடம் தாமதமாகத்தான் வரும் என்று அறிவித்துவிட்டார். ஆக, ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் இன்று ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தது பதினைந்து நிமிடம் பழைய ஆட்டம். அந்தப் புண்ணியம் யாரால் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். காலையிலிருந்து ஒருவரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை.

நேற்று வண்டியில் வீட்டுக்குப் போகும்போது மாளவிகா பின்னாலிருந்து சொன்னாள்: "அப்பா, நாளைக்கு நான் வெளியே வந்தா நீங்க திரும்பிக்கணும். என்னைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. நான் பேசினாலும் பதில் சொல்லக் கூடாது."

"சரிம்மா."

"உங்க முகத்துல எல்லாம் தெரியும்பா. அதான்."

இன்று காலைச் சுற்றில் அவள் இரண்டு முறை வெளியே வந்தாள். இரண்டு முறையும் பட்டாபிராமன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சுவரோடு ஏதோ சொத்துத் தகராறு போல அப்படி முறைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முத்தாலம்மாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்திருந்தார், மீன் விற்கிறவர். அவருடைய மகள் சத்யப்ரியாதான் உள்ளே மாளவிகாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். எதிராளியின் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று பட்டாபிராமன் இரண்டு முறை இடம் மாற்றிப் பார்த்தார். அந்த அம்மாள் கையிலிருந்தது பட்டன் ஃபோன். அவருக்கு வேறு யார் சொல்வார்கள், கூடவே நகர்ந்து வந்துவிட்டார்.

"சார், எம்பொண்ணு எது சார்? வெள்ளையா, கருப்பா?"

"கருப்பும்மா."

"கருப்பு நல்லா கீதா?"

கோட்டில் வெள்ளை பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சமமா இருக்கும்மா" என்றார்.

"சமம்னா போதும் சார் அதுக்கு. டிரா ஆனாலே மாநிலத்துக்குப் பூடலாம்னு சொல்லிச்சு." முத்தாலம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏலத்துல நின்னுகினு கத்துறப்பகூட எனக்கு இப்டி நெஞ்சு அடிச்சது இல்ல சார். இன்னா வெளாட்டு இது, ஒரு சத்தமும் இல்ல. உள்ள இன்னா நடக்குதுன்னே தெரியாம பேஜாரா கீது."

பட்டாபிராமன் ஃபோனுக்குக் குனிந்தார். வெள்ளை திடீரென்று சரிந்து பாதிக்கு வந்திருந்தது. என்ன நகர்த்தினாள், எதற்கு நகர்த்தினாள், ஒன்றும் புரியவில்லை. திருநீர்மலை ரங்கநாதரைக் கூப்பிட்டார். படி ஏறி வந்து சேவிக்கிறேன் என்று காலையிலேயே வேண்டியிருந்தார், இப்போது மாளவிகாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சேர்த்துக்கொண்டார். ரமாவிடமிருந்து ஒரு செய்தி வந்து பலகையின் பாதியை மறைத்தது. 'என்ன ஆச்சு?' விரலால் அதைத் தள்ளினார். தள்ளிப் பார்த்தால் வெள்ளை மறுபடி ஏறியிருந்தது. இந்தத் தடவை நிற்காமல் ஏறியது. கொஞ்ச நேரத்தில் கோட்டில் கருப்பு என்று சொல்லிக்கொள்ள மேலே ஒரு நகக்கீற்று அளவுதான் மிச்சம்.

எதிர்வரிசையில் டேப்லெட்டை மடியில் வைத்திருந்த ஷ்யாம்சுந்தர் தலையைத் தூக்கினார். காலையிலிருந்து முதல்முறையாகப் பட்டாபிராமனோடு பேசினார். "சார், உங்க பொண்ணுக்கு வின்னிங். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாகப் போகுது. ஆனா கிளாக் பார்த்தீங்களா? ஒரு நிமிஷம்கூட இல்லை. ஒவ்வொரு மூவுக்கும் கூடுற முப்பது செகண்டுலதான் ஓட்டிட்டிருக்கா."

பட்டாபிராமன் அப்போதுதான் திரையில் பலகைக்குக் கீழே ஓடிய கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது. ஜெயிக்கிற ஆட்டத்தை நேரம் தீர்ந்து தோற்கிறவர்கள் உண்டு என்று மாளவிகாவே சொல்லியிருக்கிறாள். சீக்கிரம் ஆடு, சீக்கிரம் ஆடு என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஹால் கதவு திறந்தது. மாளவிகா வெளியே வந்தாள்.

பட்டாபிராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடிகாரம் ஓடுகிறது, இவள் எதற்கு வெளியே வருகிறாள்? பார்த்தது ஒரு கணம்தான், சட்டென்று எழுந்து தூணுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். எதிரே ஷ்யாம்சுந்தர் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் எல்லாம் தெரியும் என்றாளே, இந்த முகத்தை இப்போது பார்த்தால் போதும், ஆட்டமே போய்விடும்.

செருப்புச் சத்தம் அவரை நோக்கி வந்தது. முதுகுக்குப் பின்னால் நின்றது.

"அப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா, வந்து..."

"பேசாதே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "போம்மா. உள்ளே போ. யாராவது பார்த்துடப் போறாங்க."

அவள் போகவில்லை. மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது. கையிலிருந்த ஃபோனை மார்போடு அணைத்து மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் செருப்புச் சத்தம் மெதுவாகத் திரும்பிப் போய்விட்டது.

வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வந்து உட்கார்ந்தார். முத்தாலம்மாள் அவரையே பார்த்தார்.

"இன்னா சார், புள்ள வந்து நிக்குது, அப்டியே தொரத்திட்ட."

"ஆட்டம் நடக்கும்போது பேசக் கூடாதும்மா. ரூல்."

"அது மூஞ்சே சரியில்ல சார்."

"டென்ஷன்ல இருக்கா."

அவருக்கும் அந்தக் குரல் உறுத்தியது. 'வந்து' என்றாளே, என்ன சொல்ல வந்தாள்? தலைவலியா? மயக்கம் வருகிற மாதிரி இருந்ததா? மதியம் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். ஃபோனைப் பார்த்தார். சிப்பாய் ராணியாகியிருந்தது. வெள்ளை, கோடு முழுக்க வெள்ளை. ஷ்யாம்சுந்தர் விரலைச் சொடுக்கி, "நாலு மூவ்ல மேட் இருக்கு சார்" என்றார். பட்டாபிராமனுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுபடி கதவு திறந்தது. இந்தமுறை சத்யப்ரியா. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கையில் தண்ணீர் பாட்டில். ஓடி வந்தவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"யம்மா, டிராம்மா. நான் போறேன்மா மாநிலத்துக்கு."

முத்தாலம்மாள் மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்து முகமெல்லாம் முத்தம் கொடுத்தார். அழுதார். பிறகு பட்டாபிராமன் பக்கம் திரும்பினார். "சமம்னு சொன்னியே சார், நீ சொன்ன மாரியே ஆயிட்ச்சு. உன் வாய்க்கு சக்கரை போடணும்."

"இல்லையேம்மா" என்றார் பட்டாபிராமன். "ஆட்டம் இன்னும் முடியலையே. இதோ ஓடிட்டிருக்கே." ஃபோனை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "பாரும்மா, உன் ராஜா இங்கே இருக்கு. நாலு மூவ்ல மேட்டுங்கிறார் அவர்."

சத்யப்ரியா திரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"அங்கிள், அது பழசு."

ஷெட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அவருடைய கட்டை விரலால் வந்த விஷயம். காலையிலிருந்து நூறு தடவை நினைத்துக்கொண்டதுதான். ஆனால் கண் முன்னால் கடிகாரம் ஓடும்போது எந்த மனசு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்?

"ஸ்டேல்மேட் அங்கிள்" என்றாள் சத்யப்ரியா தாழ்ந்த குரலில். "எங்கிட்ட ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும்தான் இருந்துச்சு. அக்கா அந்தச் சிப்பாயை வெட்டிட்டாங்க. ராஜாவுக்கு செக் இல்ல, ஆனா எந்தப் பக்கமும் போக முடியல. எனக்கு நகர்த்துறதுக்கு ஒண்ணுமே இல்ல. அப்டின்னா டிரா. அவங்களுக்கு டைம் இல்ல அங்கிள், ரெண்டு மூணு செகண்டுதான் இருந்துச்சு."

அவர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் மகளைத் தேடுவதுதான் நியாயம். முடியவில்லை. திரையில் மாளவிகா இன்னும் ஜெயித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ராணி கருப்பு ராஜாவை மூலைக்கு ஓட்டிக்கொண்டு போனது. இன்னும் இரண்டு நகர்த்தல், மூன்று நகர்த்தல். நடந்து முடிந்த ஆட்டம் வேறு மாதிரி முடிய வேண்டும் என்று ஒரு மனுஷன் ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டால் அவர்தான் என்ன செய்வார்? ஆனாலும் வேண்டிக்கொண்டார். வேண்டாம், அந்தச் சிப்பாயை விட்டுவிடு, அது இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எங்கேயாவது வை.

கடிகாரம் மூன்றுக்கு வந்தது. வெள்ளை ராணி சிப்பாய் இருந்த கட்டத்தில் போய் உட்கார்ந்தது. கோடு மளமளவென்று இறங்கிப் பாதியில் நின்றது. ஆளுக்கு அரைப் புள்ளி என்று கீழே எழுத்து வந்தது.

ஷ்யாம்சுந்தர் டேப்லெட்டை மூடினார். "சாரி சார்" என்றார். நிஜமாகவே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பட்டாபிராமனுக்கு அந்த 'வந்து' காதில் மறுபடி கேட்டது. உள்ளே எல்லாம் கைவிட்டுப் போன பிறகு அவள் தேடி வந்தது அவரைத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே போ என்றார். எந்த உள்ளே? அவளுக்கு உள்ளே போவதற்கு இனிமேல் அங்கே என்ன இருக்கிறது?

எழுந்தார், ஒரு செருப்பு காலில் மாட்டவில்லை, அப்படியே நடந்தார். ஹால் கதவில் எட்டிப் பார்த்தார், முதல் மேஜையில் காய்கள் மறுபடி வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இல்லை. பெண்கள் கழிவறை வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், உள்ளேயிருந்து வேறொரு சிறுமி வந்து இல்லை என்றாள். கேட்டுக்கு ஓடினார். வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. கொஞ்ச தூரத்தில் மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவரை என்னவெல்லாமோ நினைக்க வைத்தது. வாட்ச்மேனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பொண்ணு, நீலச் சட்டை, கண்ணாடி போட்டிருக்கும், வெளியே போச்சா?"

"யாரும் போவல சார். கைய வுடு சார், வலிக்கிது."

திரும்பினார். ஃபோன் அதிர்ந்தது. ரமா. எடுக்கவில்லை. மைதானத்தின் நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

"அப்பா."

சைக்கிள் ஷெட்டுக்கு நேர் எதிரே வகுப்பறைக் கட்டடத்தின் படிகளில் மாளவிகா உட்கார்ந்திருந்தாள். பாட்டிலும் பேனாவும் பக்கத்தில் இருந்தன. அங்கிருந்து பார்த்தால் ஷெட்டின் கடைசித் தூண் தெளிவாகத் தெரியும். அவர் உட்கார்ந்திருந்த இடம்.

"முடிஞ்சுடுச்சாப்பா?" என்று கேட்டாள். "இப்ப பேசலாமா?"

பட்டாபிராமன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏம்மா, அங்கேயே சொல்லியிருக்கலாமே. முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை."

"சொல்லத்தான் வந்தேன். உங்க ஃபோனை எட்டிப் பார்த்தேன்." அவள் குனிந்து பாட்டில் மூடியைத் திருகினாள். "அதுல நான் இன்னும் ஜெயிச்சுட்டிருந்தேன்."

அவர் கையிலிருந்த ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இனிமே ஆட மாட்டேன் இல்லையா. அம்மாகிட்ட சம்மதம்னு சொல்லிட்டேன், நானே போர்டை எடுத்து வெச்சிடுவேன். அதனால கடைசி வரைக்கும் நீங்க பார்க்கட்டும்னு இங்கே வந்து உட்கார்ந்துட்டேன். அந்த ஒரு மூவ் தவிர, இதுதான்பா நான் ஆடினதுலயே நல்ல கேம். நடுவுல குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தேனே, உள்ளே நடுவர் மேடமே நின்னு பார்த்தாங்க. அதுக்கு அப்புறம் அவளால நிமிரவே முடியலை." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு எந்த இடம் பிடிச்சதுப்பா?"

பிரமாதம் என்று சொல்லியிருக்கலாம். குதிரையைக் கொடுத்த இடம்தான் என்று சொல்லியிருக்கலாம், அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆனால் அந்த முகத்துக்கு நேராக அவருக்குப் பொய் வரவில்லை.

"நான் ஆட்டத்தைப் பார்க்கலைம்மா" என்றார். "கோட்டைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

டிரா ஆனதற்கு அவள் அழவில்லை. அவர் துரத்தியதற்கும் அழவில்லை. இப்போது முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.